‘பையன் லேட்டாதான் பேசுவான்’: தமிழ்க் குழந்தையின் பேச்சை அளந்த கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

 இன்னைக்கு ஒரு வாக்கியத்துலருந்து ஆரம்பிக்கலாம். நான் வளர்ந்தது அம்பத்தூர் பக்கம். அங்கேயும் சரி, ஆவடி, பூந்தமல்லியிலும் சரி, ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம்: “பையன்தானே, லேட்டாதான் பேசுவான்.” கூடவே ஆதாரமும் வரும்: “இவங்கப்பா மூணு வயசுலதான் வாயையே திறந்தாரு. இப்ப பாரு, மூட முடியுதா?”

சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. பல சமயம் அது சரியாவும் போயிடும். பேச்சு வர்ற வயசு குழந்தைக்குக் குழந்தை மாறத்தான் செய்யும். ஆனா சில குழந்தைகள் விஷயத்துல இந்த ஆறுதல் வார்த்தையே ரெண்டு வருஷத்தைத் தின்னுடும். காது சரியா கேட்காத குழந்தைக்கு அது மொழியைக் கத்துக்க வேண்டிய ரெண்டு வருஷம்.

அதனால நான் கேட்க நினைக்கிற கேள்வி இதுதான்: ‘லேட்’னா எதைவிட லேட்? ஆவடி லோக்கல் லேட்டுன்னு நம்மால சொல்ல முடியுதுன்னா, அதுக்கு ஒரு டைம் டேபிள் இருக்கு. தமிழ்க் குழந்தையோட பேச்சுக்கு டைம் டேபிள் யார் எழுதினாங்க? எதை வெச்சு எழுதினாங்க?

பாட்டில் இருந்த மாதக் கணக்கு

நம்ம ஊர்ல குழந்தையைக் கவனிச்சவங்க இல்லாமலில்லை. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு. கடவுளையோ அரசனையோ குழந்தையா வெச்சுப் பாடுறது. நமக்குக் கிடைச்சதுல பழையது, 12-ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் பாடின குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். இந்த நூல்கள்ல பத்துப் பருவம் வரும்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலின்னு போகும். ஒவ்வொரு பருவத்துக்கும் இத்தனாவது மாசம்னு மரபு ஒரு கணக்கு வெச்சிருந்தது. செங்கீரைன்னா கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை ஆட்டுற பருவம். சப்பாணின்னா கை தட்டுற பருவம். ‘தால்’னா நாக்கு. தாலாட்டுங்கிற சொல்லே அதுலருந்து வந்ததுதான்.

குழந்தை ஒரு ஒழுங்குல வளருது, அதுக்கு மாசக் கணக்கு உண்டுங்கிறது நம்ம புலவர்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அவங்க பாடினது முருகனையும் மீனாட்சியையும் சோழ அரசனையும். தெய்வக் குழந்தை எந்தப் பருவத்துலயும் பின்தங்காது. நமக்கு வேண்டியது பக்கத்து வீட்டுக் குழந்தை என்ன சொல்லுது, எப்ப சொல்லுதுங்கிற பதிவு. அதுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வேணும். பொறுமையும் வேணும்.

கம்ப்யூட்டர் கட்டினவர் குழந்தையிடம் போனார்

இங்கேதான் கதை எதிர்பாராத ஒருத்தர்கிட்ட போகுது. ஆர். நரசிம்மன். 1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படிச்சு, அமெரிக்காவுல கால்டெக்கிலும் இண்டியானா பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு முடிச்சு, 1954-ல் பம்பாயில் இருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இவர் தலைமையில் ஓர் இளைஞர் குழு கட்டினதுதான் ‘டிஃப்ராக்’. இந்தியாவிலேயே வடிவமைச்சுக் கட்டின முதல் கம்ப்யூட்டர். 1960-ல் வேலை செய்ய ஆரம்பிச்சது. வால்வுகளால் ஆனது, ஒரு அறையையே நிரப்பும். நினைவகம் 2,048 சொற்கள். உங்க போன்ல இருக்கிற ஒரு செல்ஃபிக்கே அது போதாது.

கம்ப்யூட்டர் கட்டினவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் பெரிய கம்ப்யூட்டர் கட்டுவார்னுதானே நினைப்போம். நரசிம்மன் 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய், இயந்திரம் படங்களை எப்படிப் ‘படிக்கும்’னு ஆராய்ச்சி செய்தார். அங்கிருந்து அவர் வந்து நின்ன கேள்வி மொழி. இயந்திரத்துக்கு மொழி சொல்லிக்கொடுக்கணும்னா, மொழியே தெரியாம பிறக்கிற ஒரு உயிர் அதை எப்படிக் கத்துக்குதுன்னு முதல்ல பார்க்க வேண்டாமா?

அந்தக் காலத்துல மொழியியல்னா இலக்கண விதிகளைப் பற்றின பேச்சுதான் மேலோங்கி இருந்தது. நரசிம்மன் மொழியை ஒரு நடத்தையாப் பார்த்தார். குழந்தை மொழியை வெச்சு என்ன செய்யுது? கேட்குது, மறுக்குது, கூப்பிடுது, அடம் பிடிக்குது. அம்மா அதுக்கு என்ன பதில் சொல்றாங்க? இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் கவனிக்கணும்னு நினைச்சார். 1981-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தோட தலைப்பே மொழி நடத்தைக்கு மாதிரி அமைப்பது பற்றித்தான்.

இந்த ஆய்வுக்காக ஒரு தமிழ்க் குழந்தையும் அதை வளர்க்கிறவங்களும் வீட்டுல இயல்பாப் பேசுறதைத் தொடர்ச்சியாப் பதிவு செய்தாங்க. ஒரு வயசு ஆகுறதுக்கு முன்னாடியே தொடங்கி, மூணு வயசை நெருங்குற வரைக்கும். இந்த வேலையில அவரோட இருந்தவர் ஆர். வைத்தியநாதன்.

இதுல எவ்வளவு உழைப்புன்னு யோசிச்சுப் பாருங்க. எடிட்டிங் பண்றவங்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்குறது எத்தனை மணி நேர வேலைன்னு. அதுவும் பேசுறது ஒன்றரை வயசுக் குழந்தை. பாதி மழலை, பாதி அழுகை, பின்னாடி குக்கர் விசில். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குழந்தை என்ன சொன்னது, யார்கிட்ட சொன்னது, அதுக்கு முன்னாடி அம்மா என்ன கேட்டாங்கன்னு ஒவ்வொரு வரியா எழுதணும்.

1984-ல் அமெரிக்காவில் பிரையன் மெக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் ‘சைல்ட்ஸ்’ன்னு ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கினாங்க. உலகத்துல யார் குழந்தைப் பேச்சைப் பதிவு செஞ்சாலும் இங்க போடுங்க, எல்லாரும் பயன்படுத்தட்டும்னு. ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் 1960-களில் பதிவு செஞ்ச மூணு அமெரிக்கக் குழந்தைகளோட பேச்சு அதுல இருக்கு. அதே அலமாரியில நரசிம்மன் கொடுத்த அந்தத் தமிழ்க் குழந்தையோட பேச்சும் இருக்கு.

‘இல்ல’, ‘வேணாம்’, ‘மாட்டேன்’

சரி, பதிவு பண்ணி என்ன தெரிஞ்சுக்கலாம்? ஒரு உதாரணம்.

இங்கிலீஷ் பேசுற குழந்தை ‘நோ’ங்கிற ஒரே சொல்லை வெச்சு ஒரு வருஷத்தை ஓட்டிடும். தமிழ்க் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. தட்டுல இட்லி தீர்ந்துபோச்சுன்னா ‘இல்ல’. இன்னொண்ணு வைக்க வந்தா ‘வேணாம்’. கட்டாயப்படுத்தினா ‘மாட்டேன்’. ‘சாப்பிட்டியா?’ன்னு அப்பா கேட்டா ‘சாப்பிடல’. அடுப்புகிட்ட போனா அம்மா சொல்றது ‘தொடாத’. ஒவ்வொண்ணும் வேற சொல், வேற வேலை. ரெண்டு வயசுக்குள்ள ஒரு குழந்தை இத்தனை வகை மறுப்பையும் பிரிச்சுக் கத்துக்குது. நாம அதை அடம்னு சொல்லிட்டுப் போயிடறோம்.

வைத்தியநாதன் இதைத்தான் எடுத்துக்கிட்டார். தமிழ்க் குழந்தைகள் கேள்வி கேட்கக் கத்துக்கிறது பற்றி 1988-லும், மறுப்புச் சொல்லக் கத்துக்கிறது பற்றி 1991-லும், குழந்தை மொழிக்கான முக்கியமான சர்வதேச ஆய்விதழில் கட்டுரை எழுதினார். எந்தச் சொல் வருதுங்கிறதோட நிற்காம, அந்தச் சொல்லால குழந்தை என்ன வேலையைச் சாதிக்குதுன்னும் பார்த்தார். நரசிம்மன் கேட்ட அதே கேள்வி.

நடுவுல 1989-ல் இன்னொரு கட்டுரை. எழுதினவங்க பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லியோனார்ட். தமிழ்க் குழந்தைகள் வினைச்சொல்லோட விகுதிகளை எப்படிக் கத்துக்கிறாங்கன்னு பார்த்தாங்க. ‘போ’ங்கிற சொல்லோட ‘போறேன்’, ‘போறான்’, ‘போயிட்டாங்க’ன்னு ஒட்டிக்கிட்டே போகுதே, அது. கிடைச்ச முடிவு: தமிழ்க் குழந்தைகளுக்கு இந்த விகுதிகள் சீக்கிரமாவே வந்துடுது, பெரிய தப்பும் இல்லாம. இதே மாதிரி ஒட்டுச்சொல் மொழியான துருக்கியத்துலயும் முன்னாடியே இதைப் பார்த்திருந்தாங்க.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். லியோனார்ட் யாருன்னு சொன்னா புரியும். காது நல்லா இருக்கும், அறிவு நல்லா இருக்கும், ஆனாலும் மொழி மட்டும் பிடிபடாம திணறுற குழந்தைகள் இருக்காங்க. இப்ப அதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடுன்னு சொல்றோம். அமெரிக்காவின் ஐயோவாவில் 1997-ல் வெளியான பெரிய ஆய்வு, ஐந்து வயசுக் குழந்தைகள்ல சுமார் 7% பேருக்கு இது இருக்குன்னு கணக்கிட்டது. முப்பது பேர் இருக்கிற வகுப்புல ரெண்டு பேர். அந்தக் குறைபாட்டை ஆராய்ச்சி பண்றதுலயே வாழ்நாளைச் செலவிட்டவர் லியோனார்ட்.

இங்கிலீஷ்ல இந்தக் குறைபாட்டோட முக்கிய அடையாளம், குழந்தை வினைச்சொல்லோட வாலை விட்டுடும். கடைசியில வர்ற ‘எஸ்’, ‘ட்’ மாதிரி ஒலிகள். அவை ரொம்பச் சின்ன ஒலிகள், காதுல சரியா விழாது. தமிழ்ல அப்படியா? ‘-றேன்’, ‘-றாங்க’, ‘-ட்டான்’ எல்லாம் முழு அசைகள். வாக்கியத்தோட கடைசியில, நல்லா காதுல விழுற இடத்துல உட்கார்ந்திருக்கு. அப்போ இங்கிலீஷ் குழந்தைக்குப் பயன்படுற அடையாளப் பட்டியலைத் தமிழ்ல மொழிபெயர்த்து வெச்சா, அது தமிழ்க் குழந்தையோட சிக்கலைக் காட்டாம போகலாம். இல்லாத சிக்கலை இருக்குன்னும் காட்டலாம்.

தமிழ்க் குழந்தை பின்தங்கியிருக்கான்னு சொல்ல, பின்தங்காத தமிழ்க் குழந்தை எப்படிப் பேசும்னு தெரிஞ்சிருக்கணும். அந்த அறிவு, இந்தக் கட்டுரைகளைப் பொறுத்தவரை, விரல் விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளோட பேச்சு மேல நிக்குது. கோடிக்கணக்கானவங்க பேசுற மொழிக்கு அது ரொம்பச் சின்ன அஸ்திவாரம்.

முதல் சொல்லுக்கு முன்னாடி

இதுவரைக்கும் பேசினது வாயைத் திறந்த குழந்தையைப் பற்றி. ஆனா மொழி அதுக்கு ரொம்ப முன்னாடியே காது வழியா உள்ள போக ஆரம்பிச்சிடுது.

1971-ல் பீட்டர் ஐமாஸும் அவர் குழுவும் ஒரு மாசக் குழந்தைகளுக்கும் நாலு மாசக் குழந்தைகளுக்கும் ரப்பர் நிப்பிள் ஒண்ணைக் கொடுத்தாங்க. சப்புற வேகத்தை ஒரு கருவி அளக்கும். ‘பா’ மாதிரி ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டா குழந்தைக்குச் சலிச்சு சப்புறது குறையும். ஒலி கொஞ்சம் மாறினதும் வேகம் திடீர்னு ஏறுது. பேசவே தெரியாத உயிருக்கு வித்தியாசம் தெரியுது!

1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவங்க எடுத்துக்கிட்டது இந்தியில இருக்கிற ரெண்டு ஒலி. நாக்கு பல்லைத் தொட்டு வர்ற ‘த’, நாக்கு மடங்கி வர்ற ‘ட’. நமக்குப் ‘பத்து’ வேற, ‘பட்டு’ வேற. இங்கிலீஷ் பேசுற பெரியவங்களுக்கு இது ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்கும். ஆனா இங்கிலீஷ் வீட்டுல பிறந்த ஆறேழு மாசக் குழந்தைக்கு வித்தியாசம் தெரிஞ்சது. ஒலி மாறும்போது தலையைத் திருப்பினா பொம்மை ஆடும்னு பழக்கியிருந்தாங்க, சரியாத் திருப்பிச்சு. பத்திலிருந்து பன்னிரண்டு மாசத்துல அதே வீட்டுக் குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அது போயிடுச்சு. இந்தி வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் இருந்தது.

அதாவது, எல்லாக் குழந்தையும் உலக மொழிகளுக்கெல்லாம் காதைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் பிறக்குது. முதல் வருஷத்துக்குள்ள, தன் வீட்டுல எது முக்கியம்னு கண்டுபிடிச்சு, காதை அதுக்கு ஏத்த மாதிரி செதுக்கிக்குது. ‘அது சின்னக் குழந்தை, அதுக்கு என்ன தெரியும்’னு நாம சொல்லிக்கிட்டிருக்கும்போதே அந்த வேலை நடந்துக்கிட்டிருக்கு.

இப்ப யோசிங்க. அந்த முதல் வருஷத்துல காதுக்கு எதுவும் வந்து சேரலேன்னா?

“தட்டைப் போட்டுப் பார்த்தோம், திரும்பினான்”

பூந்தமல்லியில அரசுப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறதால, நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் பார்வைக் குறைபாடு பழகின விஷயம். கண்ணுல பிரச்சனைன்னா பெற்றோரே சீக்கிரம் கவனிச்சிடுவாங்க. காது அப்படி இல்லை. காது கேட்காத கைக்குழந்தையும் சிரிக்கும், அழும், ‘ங்கா’ சொல்லும். பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது.

1988-ல் கிம்ப்ரோ ஓலரும் ரெபெக்கா ஐலர்ஸும் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் காட்டினாங்க. கேட்கிற குழந்தைகள் பத்து மாசத்துக்குள்ள ‘பாபாபா’, ‘தாதாதா’ன்னு தெளிவான அசைகளை அடுக்க ஆரம்பிச்சிடும். காது கேட்காத குழந்தைகளுக்கு அது பதினோரு மாசத்துக்கு அப்புறம்தான் வருது, சில சமயம் ரொம்பத் தாமதமா. மழலைங்கிறது தானா வர்றது இல்லை, கேட்டுத்தான் வருதுன்னு அந்த ஆய்வு சொல்லுச்சு.

வீட்டுல நாம செய்யுற சோதனை என்ன? பின்னாடி ஒரு தட்டைக் கீழ போடுறது. குழந்தை திரும்பினா “கேட்குது”ன்னு முடிவு. தரை அதிர்ந்ததால திரும்பியிருக்கலாம். நிழல் அசைஞ்சதால திரும்பியிருக்கலாம். சில ஒலிகள் கேட்டு, பேச்சுக்குத் தேவையான ஒலிகள் கேட்காமலும் இருக்கலாம். தட்டு விழுற சத்தமும் ‘ச’வும் ஒண்ணு இல்லையே. அப்புறம் ரெண்டு வயசாகியும் பேச்சு வரலேன்னா, வசம்பைச் சுட்டு நாக்குல தடவுவாங்க. நாக்குல ஒண்ணும் குறை இல்லை. யாரும் காதைப் பார்க்கலை.

தமிழ்நாட்டுல காது கேளாதவங்களுக்கான கல்வி பழசு. 19-ஆம் நூற்றாண்டோட கடைசியிலேயே பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பள்ளி தொடங்கிட்டார். ஆனா பள்ளின்னா பள்ளி வயசுலதான் சேருவாங்க. முதல் ஐந்து வருஷம் அப்படியே போயிடும். அந்த ஐந்து வருஷத்தைக் குறி வெச்சு 1969-ல் சென்னையில் தொடங்கினதுதான் ‘பால வித்யாலயா’. சரஸ்வதி நாராயணசாமி, வள்ளி அண்ணாமலை ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. கைக்குழந்தையா இருக்கும்போதே சேர்த்துக்குவாங்க. அம்மாவும் கூடவே வந்து உட்காரணும், ஏன்னா குழந்தைகிட்ட நாள் முழுக்கப் பேசப்போறது அம்மாதான். காது கருவி போட்டு, கேட்கவும் பேசவும் பழக்கி, ஐந்து வயசு வாக்கில வழக்கமான பள்ளிக்கு அனுப்புறதுதான் நோக்கம்.

சீக்கிரம் தொடங்கணும்னு அவங்க நம்பினதுக்குப் பெரிய அளவிலான சான்று பின்னாடிதான் வந்தது. 1998-ல் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழு, ஆறு மாசத்துக்குள்ள குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளையும் அதுக்கு அப்புறம் கண்டுபிடிக்கப்பட்டவங்களையும் ஒப்பிட்டாங்க. முதல் குழுவோட மொழி தெளிவா மேல இருந்தது. இப்ப உலகம் முழுக்கச் சொல்ற கணக்கு 1-3-6: ஒரு மாசத்துக்குள்ள முதல் சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதிப்படுத்துறது, ஆறு மாசத்துக்குள்ள உதவி.

இங்க ஒண்ணைச் சொல்லியாகணும். காது கேட்காததால மொழி வராதுன்னு இல்லை. சைகை மொழி பேசுற பெற்றோருக்குப் பிறந்த காது கேட்காத குழந்தை, கையால மழலை பேசும், உரிய வயசுல சைகையில முதல் சொல்லும் சொல்லும். பேச்சுப் பயிற்சியா, சைகையா, ரெண்டுமான்னு பெரிய விவாதம் உண்டு. ஆனா எந்தப் பக்கம் நின்னாலும், முதல் வருஷங்கள்ல ஏதாவது ஒரு மொழி முழுசா கிடைக்கணும்ங்கிறதுல மாற்றுக்கருத்து இல்லை.

போரூரிலிருந்து போன வேன்

கைக்குழந்தைக்குக் காது கேட்குதான்னு எப்படிப் பார்க்கிறது? அதுகிட்ட கேட்க முடியாது. ஆனா கருவிகிட்ட கேட்கலாம். காதுக்குள்ள ஒரு சின்ன முனையை வெச்சு மெல்லிய ஒலியை அனுப்புவாங்க. உட்காது நல்லா இருந்தா அதுவே பதிலுக்கு ஒரு எதிரொலி கொடுக்கும். இது ‘ஓஏஇ’ டெஸ்ட். குழந்தை தூங்கிக்கிட்டிருக்கும்போதே சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அதுல சந்தேகம்னா ‘ஏபிஆர்’. தலையில சின்ன மின்முனைகளை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்க்கிறது. இதைச் செஞ்சு புரிஞ்சுக்க ஒரு ஆடியாலஜிஸ்ட் வேணும். அவங்க பெரும்பாலும் நகரத்துலதான் இருக்காங்க.

கிண்டியிலருந்து பூந்தமல்லி போற ரோட்டுல, போரூர்ல இருக்கு ஸ்ரீ ராமச்சந்திரா. நம்ம மேற்குப் புறநகர்க்காரங்களுக்கு மாமா ஆஞ்சியோ பண்ணிக்கிட்ட இடமா அது தெரியும். அங்க இருக்கிற பேச்சு, மொழி, கேட்டல் துறையில வித்யா ராம்குமார், ரூபா நாகராஜன் முதலானவங்க இந்தத் தூரப் பிரச்சனையைக் கையில எடுத்தாங்க. ஒரு வேன்ல ஏபிஆர் கருவியை வெச்சு ஊருக்கு அனுப்பினாங்க. வேன்ல இருக்கிற உதவியாளர் குழந்தை தலையில மின்முனைகளை ஒட்டுவார். செயற்கைக்கோள் இணைப்பு வழியா, தொலைவுல உட்கார்ந்திருக்கிற ஆடியாலஜிஸ்ட் கருவியை இயக்கி முடிவைப் பார்ப்பார். அதே குழந்தைகளுக்கு நேர்லயும் டெஸ்ட் பண்ணி ஒப்பிட்டாங்க. முடிவுகள் ஒத்துப்போச்சு. 2013-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதுக்கு அப்புறம், கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கே முதல் கட்டச் சோதனை செய்யப் பயிற்சி கொடுத்து, சந்தேகம் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் தொலைவழிச் சோதனைன்னு திட்டத்தை விரிச்சாங்க.

எனக்கு இதுல பிடிச்சது, பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லைங்கிறதுதான். கருவி ஏற்கெனவே இருந்தது, செயற்கைக்கோளும் இருந்தது. ‘அம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டு, கைக்குழந்தையோட ரெண்டு பஸ் மாறி வரணும்’ங்கிற சிக்கலை ஆராய்ச்சிக் கேள்வியா மதிச்சாங்க.

அதே 2013-ல் மத்திய அரசோட ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ திட்டம் தொடங்குச்சு. அது பார்க்கச் சொல்ற 30 பிரச்சனைகள்ல பிறவிக் காது கேளாமையும் மொழித் தாமதமும் உண்டு. சோதனையில தெரிய வர்ற குழந்தைகளை அனுப்ப மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. லட்சக்கணக்குல செலவாகிற காக்ளியர் இம்ப்ளான்ட், தமிழ்நாட்டுல ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருது. ஆக, கருவி இருக்கு, மையம் இருக்கு, பணத்துக்கும் வழி இருக்கு. ‘லேட்டாதான் பேசுவான்’ங்கிற வாக்கியத்தைத் தாண்டி அங்க போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

ஆவடி வீட்டில் நாலு மொழி

கடைசியா, நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். ஆவடின்னா டாங்க் ஃபேக்டரி, விமானப்படை, சிஆர்பிஎஃப். அம்பத்தூர்னா எஸ்டேட். இந்தியாவோட எல்லா மூலையிலிருந்தும் ஆள் வந்து குடியேறின இடம். பாட்டி தெலுங்கு, வீட்டுல தமிழ், குவார்ட்டர்ஸ் விளையாட்டுல இந்தி, ப்ளே ஸ்கூல்ல இங்கிலீஷ்ங்கிறது இங்க சாதாரணம்.

குழந்தை பேசலேன்னா உடனே பழி மொழிகள் மேல விழும். “வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழப்பிக்காது”ன்னு சிலர் அறிவுரை சொல்வாங்க. ஆய்வுகள் சொல்றது வேற. பல மொழி கேட்கிறதால மொழிக் குறைபாடு வர்றதில்லை. ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் கொஞ்சம் குறைவா இருக்கலாம், எல்லா மொழியையும் கூட்டிப் பார்க்கணும். பால்-ஐ ‘தூத்’னு சொன்னாலும் அது ஒரு சொல்தான். அந்த அறிவுரையைக் கேட்டு, தனக்கே சரளமா வராத மொழியில பேசுற அம்மா, குழந்தைகிட்ட பேசுறதையே குறைச்சிடுவாங்க. அதுதான் உண்மையான நஷ்டம்.

அளவுகோல் பற்றி யோசிச்ச பக்கத்து மாநிலமும் இருக்கு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம், மூணு வயசு வரைக்குமான குழந்தைகளோட மொழியை எளிமையாப் பார்க்க ‘லெஸ்ட்’னு ஒரு அளவுகோலை உருவாக்கி, 2013-ல் வெளியிட்டது. ஒரு ஊர்க் குழந்தைகளுக்கு அந்த ஊர்லயே அளவுகோல் செய்யணும்ங்கிற எண்ணம்தான் அது. நரசிம்மனோட டேப்ல இருக்கிறது ஒரு வீட்டுத் தமிழ். குவார்ட்டர்ஸ் குழந்தையோட தமிழ்-இந்தி-தெலுங்கு கலவை எப்படி வளருதுன்னு சொல்ல வேற டேப்கள் வேணும். இதைக் கேட்கிறவங்கள்ல மொழியியலோ, ஆடியாலஜியோ, கம்ப்யூட்டர் சயின்ஸோ படிக்கிறவங்க இருந்தா, வேலை அங்க காத்திருக்கு.

மத்தவங்களுக்கு, அக்கா குழந்தையையோ ஃப்ரெண்ட் குழந்தையையோ பார்க்கப் போறவங்களுக்கு, தோராயமா ஒரு டைம் டேபிள் சொல்லி முடிக்கிறேன். பத்து மாசத்துக்குள்ள ‘பாபாபா’, ‘மாமாமா’ன்னு அசைகளை அடுக்கணும். முதல் பிறந்தநாளை ஒட்டி, கொஞ்சம் முன்ன பின்ன, முதல் சொல். ரெண்டு வயசுல ‘அம்மா வா’, ‘பால் வேணும்’னு ரெண்டு சொல் சேரணும். வந்த சொற்கள் திரும்பிப் போனா, எந்த வயசா இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்கணும். எந்த வயசுலயும் சந்தேகம் வந்தா, காத்திருந்து பார்க்கிறதை விடக் காதைச் சோதிச்சுப் பார்க்கிறது சுலபம்.

அடுத்த தடவை யாராவது “பையன் லேட்டாதான் பேசுவான்”னு சொன்னா, சண்டை போட வேண்டாம். “இருக்கலாம். காது டெஸ்ட் பண்ணியாச்சா?”ன்னு மட்டும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.